இணையத்தளத்தின் திறப்பு உங்கள் கையில் இருக்கட்டும்

கடைக் கட்டடத்தின் உறுதியைப் பெட்டகத்தில் பூட்டி வைக்கின்ற நம் வியாபாரிகள், இணையத்தளம் என்று வரும்போது மட்டும் ஏனோ அலட்சியமாக இருந்து விடுகின்றனர். "யார் செய்தது, எப்படி இயங்குகின்றது?" என்று கேட்டால், "தெரிந்த பொடியன் ஒருவன் செய்து தந்தான்" என்பதே பெரும்பாலும் எனக்குக் கிடைக்கும் பதில். நான் இத்தொழிலில் இருப்பவன் என்பதால், தளத்தில் சிறிய வசதியொன்றைச் சேர்க்கும்போது வியாபாரி அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு எழுதுகின்றேன்.

செய்தி, படம், விலை என்பவற்றை நாமே ஏற்றவும் மாற்றவும் உதவும் மென்பொருளே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. இவற்றுள் அதிகம் பாவனையில் உள்ளது வேர்ட்பிரஸ். மெட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003 மே 27இல் இதனை வெளியிட்டனர். இன்று உலகின் இணையத்தளங்களில் பத்துக்கு நான்கு இதிலேயே இயங்குகின்றன. மென்பொருள் இலவசம். தளத்தின் பெயருக்கும், அதை வைத்திருக்கும் சேர்வருக்கும், செய்பவரின் உழைப்புக்குமே நாம் பணம் கொடுக்கின்றோம்.

உதாரணமாக, கொழும்பு செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 22 கரட் பவுணின் அன்றைய விலை தளத்தின் ஐந்தாறு பக்கங்களில் தெரிய வேண்டும். ஆனால் காலையில் ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும். இதனைச் செய்ய இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, வேர்ட்பிரஸின் சொந்தக் கோவைகளையோ தளத்தின் தோற்றத்துக்கான தீம் கோவைகளையோ திறந்து அவற்றுக்குள்ளேயே எழுதிவிடுவது. வேலை விரைவில் முடியும். ஆனால் புதிய பதிப்பு வரும்போது அக்கோவைகள் மாற்றி எழுதப்படும். நாம் பணம் கொடுத்துச் செய்த வேலையும் அத்தோடு அழிந்து போகும். அதற்குப் பயந்து புதுப்பிக்காமல் விட்டால், பழைய பதிப்பின் ஓட்டைகள் வழியாகத் திருடர்கள் நுழைவர். வாடகைக் கடையின் சுவரை உடைத்து அலுமாரி கட்டுவது போன்றது இது.

இரண்டாவது வழி பிளக்இன். தனியாக நிற்கும் கண்ணாடி அலுமாரி போல, வேண்டியபோது வைக்கலாம், வேண்டாதபோது எடுக்கலாம். 2004இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸில் இவ்வசதி உண்டு. ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது வேர்ட்பிரஸ் குறிப்பிட்ட சில இடங்களில் நின்று, "இங்கே யாருக்காவது வேலை இருக்கிறதா?" என்று கேட்கும். இவ்விடங்களை ஹூக் என்பர். நமது பிளக்இன் அங்கே முன்கூட்டியே பெயர் பதிந்து வைத்து, தன் முறை வந்ததும் வேலையைச் செய்து கொடுக்கும்.

பவுண் விலைக்கான பிளக்இன்னுக்கு மூன்று பகுதிகள் போதும். முதலில், பிளக்இன்களுக்கென உள்ள கோப்புறையில் பி.எச்.பி. மொழியில் ஒரு கோவை. அதன் தலைப்பில் பிளக்இன்னின் பெயரை எழுதினால், நிர்வாகப் பக்கத்தின் பட்டியலில் அது தெரியும். இரண்டாவது, அன்றைய விலையை உள்ளிட நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டி. மூன்றாவது, ஷோர்ட்கோட். சதுர அடைப்புக்குள் ஒரு சிறு சொல்லை எழுதிய பக்கங்களில் எல்லாம் அச்சொல்லுக்குப் பதிலாக விலை தோன்றும். பழகியவருக்கு இது ஒரு நாள் வேலை.

சிறியது என்பதற்காகக் கவனக்குறைவாக எழுதக் கூடாது. நிர்வாகி மட்டுமே விலையை மாற்ற முடிய வேண்டும். பெட்டியில் எண்ணைத் தவிர வேறெதையும் ஏற்கக் கூடாது. உள்ளே எழுதும் கட்டளைப் பெயர்களுக்கு முன்னால் கடையின் பெயர் வரட்டும். இரு பிளக்இன்களில் ஒரே பெயர் வந்தால் தளமே நின்றுவிடலாம். எதையும் முதலில் தளத்தின் பிரதியொன்றில் பரீட்சித்துப் பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், பிளக்இன் ஒன்று தளத்தை முடக்கினால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு வரும். அங்கே பதிந்திருப்பது உங்கள் முகவரியா, செய்து தந்தவரின் முகவரியா என்று பாருங்கள்.

"இலவசமாக ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது ஏன் எழுத வேண்டும்?" என்று கேட்கலாம். ஒன்லைனில் பொருள் விற்பது போன்ற பெரிய வேலைக்கு, பலர் பாவித்துப் பார்த்த பிளக்இன்னே சிறந்தது. ஆனால் ஒவ்வொரு பிளக்இன்னும் நாம் அறியாத ஒருவருக்குக் கடைத் திறப்பைக் கொடுப்பதற்குச் சமம். டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற பிளக்இன் ஏறத்தாழ 2 இலட்சம் தளங்களில் இருந்தது. அதனை எழுதியவர் 2017இல் 15,000 டொலருக்கு விற்றார். வாங்கியவர் அடுத்த பதிப்புகளில் கள்ளக் கதவொன்றை வைத்து, மற்றவர்களின் தளங்களில் தன் விளம்பரங்களைப் புகுத்தினார். தள உரிமையாளர்கள் செய்ததெல்லாம் வழமைபோல் புதுப்பித்தது மட்டும்தான். ஆகவே புதுப்பிக்காமல் இருப்பது தீர்வல்ல; பிளக்இன்களின் எண்ணிக்கையைக் குறைத்து வைப்பதே தீர்வு.

வேலை கொடுக்கும்போது எழுத்தில் கொடுங்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகறா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. கொடுக்கல் வாங்கலில் அந்த ஒழுங்கு இங்கும் நல்லது. வேர்ட்பிரஸின் கோவைகளில் கை வைக்காமல் தனிப் பிளக்இன்னாகவே செய்ய வேண்டும், முடிந்ததும் அதன் கோவை நமக்குத் தரப்பட வேண்டும், தளத்தின் பெயர் நமது பெயரிலேயே பதியப்பட வேண்டும் என்ற மூன்றையும் அதில் சேருங்கள். கோவை உங்களிடம் இருந்தால், செய்தவர் வெளிநாடு போனாலும் இன்னொருவர் அதே இடத்திலிருந்து தொடரலாம். எழுதித் தருபவருக்கும் இது பாதுகாப்பு. எங்கே தன் வேலை முடிகிறது என்பது அவருக்கும் தெளிவாகும்.

இந்த வாரமே உங்கள் தளத்தின் பிளக்இன் பட்டியலைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கின்றது என்று கேளுங்கள். பதில் இல்லாதவற்றை, தளத்தின் பிரதியொன்றை எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், தளத்தின் பாரமும் குறையும், உங்கள் கவலையும் குறையும்.