மணிக்கு 180 டாலர்: யார் விட்ட பிழைக்கு யார் கூலி?

படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியை அமெரிக்காவில் ஆர்.வி. என்பார்கள். ஓய்வு பெற்ற பலர் சொந்த வீட்டையே விற்றுவிட்டு அதில் குடியேறிவிடுகிறார்கள். அந்த வண்டி பழுதானால்தான் தலைவலி. பழுதுபார்க்கும் பட்டறைகளில் ஒரு மணி நேரக் கூலி பல ஊர்களில் 150 டாலரைத் தாண்டிவிட்டது. 200 டாலரைத் தொட்ட இடங்களும் உண்டு. வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிற மெக்கானிக்கின் கைக்கு வருவதோ பெரும்பாலும் மணிக்கு 20 முதல் 30 டாலர். நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது, இது பகல் கொள்ளைதானே என்று வாடிக்கையாளர்கள் கொதிக்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அதில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டிய இடம் பட்டறையைத் தாண்டி, இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் பட்டறையின் கணக்கைப் பார்ப்போம். மெக்கானிக் எட்டு மணி நேரம் பட்டறையில் இருந்தாலும் அத்தனை நேரமும் பில்லில் ஏறுவதில்லை. முப்பத்தைந்து அடி நீள வண்டியை உள்ளே நகர்த்தி நிறுத்துவது, உதிரிபாகத்துக்குக் காத்திருப்பது, வண்டியைத் தயாரித்த கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுவது ஆகிய எதற்கும் தனியாகக் காசு வாங்க முடியாது. உயரமான கொட்டகையின் வாடகை, காப்பீடு, பயிற்சிச் செலவு எல்லாமே அந்த ஒரு மணி நேரக் கூலியிலிருந்துதான் வர வேண்டும். இதைவிடப் பெரிய செலவு, பழுது எங்கே என்று தேடும் நேரம். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் ஓபிடி-2 என்ற பொதுவான இணைப்பு கட்டாயம். கருவியைச் செருகினால் எஞ்சினில் எந்தப் பகுதியில் கோளாறு என்று குறியீடு வந்துவிடும். ஆர்.வி.யின் வீட்டுப் பகுதிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஃபிரிட்ஜ் ஒரு கம்பெனி, வெந்நீர்க் கருவி இன்னொரு கம்பெனி, பக்கவாட்டில் விரியும் அறையின் மோட்டார் வேறொரு கம்பெனி. 12 வோல்ட் மின்சாரமும் 120 வோல்ட் மின்சாரமும் ஒரே சுவருக்குள் ஓடும். பக்கத்திலேயே கேஸ் குழாய்.

கூரை ஒழுகுவதையே எடுத்துக்கொள்வோம். உள்ளே கறை படிந்த இடத்தில் பெரும்பாலும் ஓட்டை இருக்காது. நீர் எங்கோ புகுந்து, சட்டத்தை ஒட்டி ஓடி, பல அடி தள்ளிச் சொட்டும். அதனால் மெக்கானிக் ஜன்னல்களையும் காற்றுத் துளைகளையும் அடைத்து, ஊதுவிசிறியால் வண்டிக்குள் காற்றழுத்தத்தை ஏற்றுகிறார். பிறகு மேலே ஏறிக் கூரையின் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளித்து, எங்கே குமிழி கிளம்புகிறது என்று அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். தேட இரண்டு மணி நேரமும் சீலண்ட் பூச இருபது நிமிடமும் ஆகலாம். வாடிக்கையாளரின் கண்ணில் படுவது அந்த இருபது நிமிடம்தான்.

அந்த இடத்தில் சீலண்ட் பூசாமல் விட்டது யார்? வட அமெரிக்க ஆர்.வி.க்களில் பத்தில் எட்டுக்கு மேல் எல்க்ஹார்ட் வட்டாரத்தில்தான் உருவாகின்றன. அங்கே பல தொழிற்சாலைகளில் திருப்பூரில் நடப்பது போலப் பீஸ் ரேட்: எத்தனை வண்டி முடிகிறதோ அத்தனைக்குக் கூலி. நின்று நிதானித்துச் சரிபார்ப்பவருக்கு நஷ்டம், அவசரப்படுபவருக்கு லாபம். கொரோனா காலத்தில் ஆளாளுக்கு ஆர்.வி. தேட, 2021இல் மட்டும் ஆறு லட்சம் வண்டிகள் வெளியேறின. அது அதுவரை காணாத உச்சம். விடுபட்ட சீலண்டும் ஆணி குத்திய வயரும் விற்பனைக்குப் பிறகு பட்டறைக்குத்தானே வரும்? வாரண்டிக் காலத்தில் கம்பெனிதான் கூலி தர வேண்டும். ஆனால் அது ஒப்புக்கொள்ளும் மணி நேரம் உண்மையில் செலவான நேரத்தைவிடப் பல சமயம் குறைவு. தேடிய நேரத்துக்கு அரைகுறையாகவே கிடைக்கும். விழுந்த துண்டைப் பட்டறை வேறு எங்கே ஈடுகட்டும்? வாரண்டி முடிந்து சொந்தக் காசோடு வருபவரிடம்தான். பத்து வருடப் பழைய வண்டிக்காரர், யாரோ வாங்கிய புது வண்டியின் தொழிற்சாலைப் பிழைக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்.

கார் உலகிலும் இதே கதைதானே என்று கேட்கலாம். அங்கே பல மாநிலங்கள், வெளி வாடிக்கையாளர் தரும் கூலியையே வாரண்டி வேலைக்கும் கம்பெனி தர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கின்றன. ஆர்.வி. வாங்கியவருக்கு, குறையுள்ள வண்டியைத் திருப்பித் தரும் சட்டம்கூடப் பல மாநிலங்களில் எஞ்சினுக்கும் அடிச்சட்டத்துக்கும்தான். மனிதர் வாழும் பகுதிக்குப் பொருந்தாது. வண்டியை வாங்குவதே அந்தப் பகுதிக்காகத்தான் எனும்போது இது பெரிய அநியாயம்.

அப்படியானால் பட்டறைகள் நிரபராதிகளா? அப்படிச் சொல்ல மாட்டேன். புத்தகக் கணக்கு என்று ஒரு முறை உண்டு: இன்ன வேலைக்கு மூன்று மணி நேரம் என்று அட்டவணையில் இருந்தால், ஒன்றரை மணியில் முடித்தாலும் மூன்றுக்கே பில். கைதேர்ந்தவரின் வேகத்துக்குத் தண்டனை கூடாது என்ற அவர்கள் வாதத்தை ஏற்கலாம். ஆனால் வேலை இழுத்துக்கொண்டால் மட்டும் கடிகாரத்துக்கு மாறினால், அது ஏமாற்று. வாகனப் பழுதுபார்ப்பில் கலிபோர்னியா எழுத்து மூலமான எஸ்டிமேட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அதை மீறக் கூடாது. எல்லா மாநிலங்களிலும், ஆர்.வி.யின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்தப் பாதுகாப்பு வர வேண்டும்.

மணிக்கூலி குறைந்த பட்டறையைத் தேடி அலைவதால் பயனில்லை. மணிக்கு 120 டாலர் வாங்குபவர் ஐந்து மணி நேரம் எடுத்தால் 600. 180 வாங்குபவர் மூன்று மணியில் முடித்தால் 540. வண்டியை விடுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு: பழுதைத் தேடும் நேரத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, பில் புத்தகப்படியா கடிகாரப்படியா. புது வண்டி வாங்குவோர் இன்னும் ஒரு படி முன்னால் போகலாம். விற்பவரோடு தொடர்பில்லாத ஆர்.வி. பரிசோதகரை அழைத்துவந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கூரையையும் வயர்களையும் பார்க்கச் சொல்லலாம். அன்று கண்டுபிடிக்கும் குறையைப் பணம் கைமாறுவதற்கு முன்பே சரிசெய்து தரச் சொல்ல முடியும். அந்தக் கூலி விற்பவரும் தயாரித்தவரும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டியது.