ஊர்ப் பொருட்களைப் படம்பிடிக்க எந்தக் கமரா?

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் வீடு போயிற்று, மாடு போயிற்று. ஒரு ட்றங்குப் பெட்டி மட்டும் கூடவே வந்திருக்கும். அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பாட்டனாரின் வைத்திய ஏடு, நெல் அளந்த கொத்து. இவற்றை ஒன்றுசேர்த்துச் சனசமூக நிலையத்தில் ஒரு சிறு காட்சியறை வைக்க விரும்புவோர், எல்லாவற்றையும் படம்பிடித்து வைக்க என்ன கமரா வாங்கலாம் என எம்மிடம் கேட்கின்றனர்.

கேள்வி நியாயமானது. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின.

விலை கூடிய கமரா தேவையில்லை. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எழுத்துள்ள தாளைப் படமெடுக்கும்போது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது விழவேண்டும் என்பது சுவடிக்கூடங்களில் பொதுவாகக் கைக்கொள்ளும் அளவு. ஏ4 தாளுக்கு இது ஏறத்தாழ 9 மெகாபிக்சல். அதன் இருமடங்கான ஏ3 தாளுக்கு 17 தான். ஆகவே 24 மெகாபிக்சல் கமரா தாராளமாகப் போதும். 40 சென்ரிமீற்றர் நீளமான ஏட்டையும் அது ஒரே படத்தில் பிடித்துவிடும். 2014 இல் வந்த நிக்கோன் டி3300, 2015 இல் வந்த கனன் 750டி இரண்டும் இவ்வகையைச் சேர்ந்தவை. பலரும் புதிய வகைக் கமராக்களுக்கு மாறிவிட்டதால், பாவித்த நிலையில் இவற்றை மலிவாகத் தேடலாம்.

பாவித்ததை வாங்கும்போது அவசரப்படக்கூடாது. வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எமது காலநிலையில் இது சாதாரணம். பின்பு ஒரு புதினப் பத்திரிகையைச் சுவரில் ஒட்டிப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். நாம் முதலில் வாங்கிய சிறு கமராவில் தூரத்துப் பறவை அழகாக விழுந்தது. ஏட்டின் இரு ஓரங்களோ மங்கிப்போயின. அந்தப் பரீட்சையைக் கடையிலேயே செய்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

கமராவோடு வரும் 18-55 வில்லையின் அகன்ற பக்கம் நேர்கோடுகளை வளைத்துக் காட்டும். 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்று கிடைத்தால் நல்லது.

மிச்சப்படும் பணத்தை நிலைத்தாங்கிக்கும் விளக்குக்கும் செலவிடுங்கள். கையில் பிடித்து எடுத்த படம் எவ்வளவு நல்ல கமராவிலும் அசையும். ஏ3 தாளுக்கு 50 மில்லிமீற்றர் வில்லை ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். ஊர்த் தச்சரிடம் சொன்னால் அந்த உயரத்துக்கு ஒரு சட்டம் அடித்துத் தருவார். கமரா நேரே கீழ்நோக்கி நிற்கிறதா என்பதை அறிய ஒரு வழி உண்டு. பொருள் வைக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தட்டையாக வையுங்கள். கமராவில் பார்க்கையில் வில்லையின் விம்பம் சரி நடுவில் தெரிந்தால் எல்லாம் சரி.

கமராவின் சொந்த மின்னல் வெளிச்சம் வேண்டாம். ஒரே வகையான இரு மின்குமிழ்களை இரு பக்கமும் சரிவாக வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் வெயில் நேரே விழாத விறாந்தை போதும். மைபூசாத ஏட்டுக்கு மட்டும் மற்ற விளக்கை அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாக வெளிச்சம் அடித்தால் கீறல் எழுத்துகள் எழும்பித் தெரியும். எழுத்துத் தெரியவில்லை என்று பழக்கமில்லாதவர்கள் கரியோ எண்ணெயோ பூசிவிடாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எப் 8, இரண்டு விநாடி தாமதம் என்று வைத்து எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அடிமட்டமும் இலக்கத் துண்டும் இருக்கட்டும். கொத்தா மரைக்காலா என்பது அளவு தெரிந்தாலன்றிப் படத்தில் விளங்காது.

கமரா வாங்க வழியில்லாதவர்கள் காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியை அதே சட்டத்தில் பொருத்தி எடுங்கள். உறுதிகளுக்கும் கடிதங்களுக்கும் அது போதும்.

படங்களை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, இரண்டையும் வேறு வேறு ஊர்களில் வையுங்கள். ஒரே அலுமாரியில் இருக்கும் இரண்டு பிரதியும் ஒரே வெள்ளத்தில் போகும்.

காணி உறுதியின் படம் உறுதி ஆகாது. எனினும் மூலம் தொலைந்தால், படத்திலுள்ள உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி ஆகியவற்றைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுவது இலகு. ஆகையால் அவை மூன்றும் தெளிவாக விழுந்தனவா என்று அங்கேயே பார்த்துவிட்டுத் தாளைத் திருப்புங்கள். இந்தப் படங்களைக் காட்சியறைக் கணினியில் விட்டுவைக்காமல் உரிய குடும்பத்திடமே கொடுத்துவிட வேண்டும்.