வெயிட் அதேதான்... பிளவுஸ் மட்டும் ஏன் டைட்? குறைத்துக் குறைத்து ஏற்றும் டயட்டால் பெண்கள் உடலில் நடப்பது இதுதான்!

வீட்டில் கல்யாணத் தேதி குறித்தாயிற்று. தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு சுற்று, குரோம்பேட்டை ஜவுளிக்கடைகளில் ஒரு சுற்று. பட்டுப்புடவை வந்த கையோடு அடுத்த முடிவும் வந்துவிடுகிறது. "இன்னும் நாற்பது நாள்தான் இருக்கு, அஞ்சு கிலோ குறைச்சே ஆகணும்!"

காலையில் பீச் லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில் டிபன் கட். மதியம் வெள்ளரிக்காய். ராத்திரி கொள்ளுக்கஞ்சி. எடையும் குறைகிறது, போட்டோவும் அழகாக வருகிறது. ஆனால் ஆறேழு மாதத்தில் போன கிலோ எல்லாம் திரும்ப வந்துவிடுகிறது. அடுத்த விசேஷத்துக்கு "மறுபடியும் முதல்ல இருந்தா?" என்று ஆரம்பிக்கிறீர்கள்.

இதில் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? எடை மெஷின் பழைய எண்ணையேதான் காட்டும். ஆனால் அதே எடையில் தைத்த பழைய பிளவுஸின் கொக்கி இப்போது மாட்டாது. டெய்லர் மேல் தப்பில்லைங்க. மாறியது உங்கள் உடம்பின் கணக்கு.

போனது ஒன்று, வந்தது வேறொன்று

பட்டினி கிடந்து குறைக்கும்போது கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் சேர்ந்தே கரைகிறது. எடை திரும்பும்போது கொழுப்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கிவிடுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. 1 கிலோ கொழுப்பு குறைந்தபோது, கூடவே தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடையும் 260 கிராம் போனது. 1 கிலோ கொழுப்பு திரும்பியபோதோ அதில் 120 கிராம்தான் திரும்பியது. அதாவது 5 கிலோ கொழுப்பைக் குறைத்து மறுபடி ஏற்றினால், கிட்டத்தட்ட 700 கிராம் பாக்கி. ஒரே எடையில் தசையைவிடக் கொழுப்பு அதிக இடம் பிடிக்கும். பிளவுஸ் டைட் ஆவதன் ரகசியம் இதுதான்.

பசி ஏன் அடங்க மாட்டேன் என்கிறது?

"எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். எடை குறைந்ததும், 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த மாற்றம் முழுதாகச் சரியாகவில்லை.

கொழுப்புச் செல்களும் லேசில் விடுவதில்லை. எடை குறையும்போது அவை சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2008-ல் காட்டினார்கள். அந்தச் செல்களில் பழைய பருமனின் 'ஞாபகம்' பதிந்திருப்பதை 2024-ல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானிகள் எலிகளிடமும் மனிதர்களிடமும் கண்டார்கள். அந்த ஞாபகம் உள்ள எலிகளுக்குக் கொழுப்பு உணவு கொடுத்தபோது அவை வேகமாகப் பருத்தன.

அப்போ டயட்டே வேண்டாமா?

அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருக்கும் கொழுப்பு கூடிவிடும் என்று ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. அதிக எடை உள்ளவர்கள் 5 முதல் 10 சதவிகிதம் குறைத்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி எல்லாவற்றுக்கும் நல்லது. உண்மையில் உஷாராக இருக்க வேண்டியவர்கள், சரியான எடையில் இருந்துகொண்டே 'இன்னும் ரெண்டு கிலோ' என்று பட்டினி கிடப்பவர்கள்தான். இழந்ததைவிட அதிகக் கொழுப்பு திரும்பும் வாய்ப்பு ஒல்லியானவர்களுக்கே கூடுதல்.

நமக்கு இது ஏன் முக்கியம்? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 30.9 சதவிகிதம், 2019-21-ல் 40.4 சதவிகிதம். போதாக்குறைக்கு, இந்திய உடல்வாகில் தசை குறைவு, கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேரும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் இது இன்னும் கூடும். வயிற்றுக் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் இதயநோய்க்கும் வாசல்.

என்ன செய்யலாம்?

* வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். முகூர்த்தத் தேதியை வைத்து டயட் போடாதீர்கள்.

* 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினமும் சுமார் 50 கிராம் புரதம் தேவை. ஓர் இட்லியில் இருப்பது 2 கிராம் அளவுதான். ஒரு முட்டையில் 6 கிராம். சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று மூன்று வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும்.

* சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் காலை வாக்கிங் போகிறவர்களா? நல்லது, விடாதீர்கள். ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, ஸ்டேஷனில் படியேறுவது என வாரம் இரண்டு மூன்று நாள் வலுப்பயிற்சி செய்யுங்கள்.

* இலக்கை எட்டியதும் டயட்டைச் சட்டென்று விட்டுவிடாதீர்கள். குறைத்த எடையைத் தக்கவைப்பதுதான் பெரிய வேலை.

* தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் ஆரம்பிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு எடைக்குறைப்பு டயட் கூடவே கூடாது.

கடைசியாக ஒன்று. எடை மெஷினோடு ஓர் இஞ்ச் டேப்பும் வீட்டில் இருக்கட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை இஞ்சைத் தாண்டினால் கவனம் தேவை. கிலோ அப்படியே நின்று, இஞ்ச் குறைகிறதா? சரியான வழியில்தான் போகிறீர்கள். அடுத்த கல்யாணத்துக்குப் பழைய பிளவுஸையே எடுத்துப் போடலாம்!