உங்களுக்குத் தெரியுமா? ஃப்ராக்டல் பட்டறையின் கட்டற்ற கருவிகள்

● எவ்வளவு பெரிதாக்கினாலும் நுணுக்கம் தீராத ‘ஃப்ராக்டல்’ உருவங்களில் ஒன்றான மாண்டல்பிராட் கணத்தின் முதல் படத்தில் நிறமே கிடையாது. 1978இல் ராபர்ட் புரூக்ஸ், பீட்டர் மடெல்ஸ்கி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கணினித் தாளில் நட்சத்திரக் குறிகளாக அச்சடித்து எடுத்த உருவம் அது. ஐபிஎம் ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட் 1980இல் அதை நுணுக்கமாக ஆராயத் தொடங்கினார். 1985 ஆகஸ்டில் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் அதை அட்டையில் போட்ட பிறகு, வீட்டுக் கணினி வைத்திருந்தவர்கள் பலரும் அதை வரைந்து பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

● அப்படியானால் இன்று நாம் பார்க்கும் நீலமும் பொன்னிறமும் எங்கிருந்து வந்தன? கணக்கு சொல்வது ஒரே ஒரு சேதி. படத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று, கிடைமட்டம், செங்குத்து என்று இரண்டு பகுதிகள் கொண்ட ஓர் எண் உண்டு. பூஜ்யத்தில் தொடங்கி, கையில் இருக்கும் எண்ணை அதனாலேயே பெருக்கி, புள்ளியின் எண்ணைக் கூட்டவேண்டும். வந்த விடையை மறுபடி பெருக்கி, மறுபடி கூட்டவேண்டும். விடையின் அளவு 2ஐத் தாண்டிவிட்டால் அது திரும்பி வராது, ஓடியே போய்விடும். எத்தனை சுற்று போனாலும் தாண்டாத புள்ளிகளின் கூட்டம்தான் மாண்டல்பிராட் கணம். எத்தனையாவது சுற்றில் தாண்டியது என்பதுதான் அந்தப் புள்ளியைப் பற்றிக் கணக்குக்குத் தெரிந்தது. அதன்மேல் பூசுகிற நிறமெல்லாம் வரைபவரின் விருப்பம். அதனால் இந்த வேலையில் பத்திரப்படுத்த வேண்டிய முதல் பொருள் அந்தச் சுற்று எண்ணிக்கை. படம், படமோட்டம் எல்லாம் அதிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியவை.

● சுற்று எண்ணிக்கையைப் பத்திரப்படுத்தும் கோப்பு வடிவம் சினிமாவிலிருந்து வந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களின் தந்திரக் காட்சிகளைச் செய்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் தன் தேவைக்காக உருவாக்கிய ஓப்பன்இஎக்ஸ்ஆர், 2003இல் மூலநிரலோடு எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். இதில் 16 பிட், 32 பிட் தசம எண்களை அப்படியே வைக்கலாம். சிவப்பு, பச்சை, நீலத்தோடு நிற்காமல், வேண்டிய பெயரில் வேண்டிய அளவு தடங்களையும் சேர்க்கலாம். மிக ஆழமான இடங்களை வரையும் ‘காலெஸ் ஃப்ராக்டாலர்’ என்ற கட்டற்ற மென்பொருளின் 2+ பதிப்பு இந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஒரு தடத்தில் முழுச் சுற்று எண்ணிக்கை; இன்னொன்றில் அதன் பின்னப் பகுதி; வேறு இரண்டில் கணத்தின் எல்லை எவ்வளவு தொலைவில், எந்தத் திசையில் இருக்கிறது என்ற மதிப்பீடு. நாள்கணக்கில் ஓடிய கணக்கு ஒருமுறை இப்படி வட்டில் இறங்கிவிட்டால், பிறகு நிறத்தை மாற்றிப் பார்க்க நொடிகள் போதும்.

● சுற்று எண்ணிக்கை முழு எண்தானே, பின்னம் எப்படி வந்தது? கடைசிச் சுற்றில் விடை எவ்வளவு தூரம் தாண்டியது என்பதை மடக்கையால் அளந்து சேர்க்கிறார்கள். அந்தப் பின்னம் இல்லாவிட்டால் படம் பட்டை பட்டையாகத் தெரியும். இருந்தால் நிறம் வழவழப்பாக ஒன்றோடொன்று இழையும்.

● 1988இல் வெளிவந்த ‘ஃப்ராக்டிண்ட்’ என்ற ஃப்ராக்டல் மென்பொருள் தசம எண்களையே தொடாமல், முழு எண்களை வைத்தே கணக்குப் போட்டது. அன்றைய 386 கணினிகள் பலவற்றில் தசமக் கணக்குக்கான துணைச் சில்லு இல்லை. முழு எண் கணக்குத்தான் விரைவாக ஓடும். எழுதிய குழு தன்னைக் ‘கல் சூப் குழு’ என்று அழைத்துக்கொண்டது. ஆளுக்கொரு காய் போட்டு ஊரே சூப் வைத்த ஐரோப்பியக் கதையிலிருந்து எடுத்த பெயர். மூலநிரல் எல்லார் கைக்கும் கிடைத்ததால் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் நிரல் எழுதிச் சேர்த்தார்கள்.

● கணினி வழக்கமாகப் பயன்படுத்தும் இரட்டைத் துல்லிய எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கங்கள்தான் கொள்ளும். ஆகவே பத்து லட்சம் கோடி மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு ஒரே எண் வந்து, படம் கட்டம் கட்டமாகச் சிதைந்துவிடும். அதையும் தாண்டிப் போக நூற்றுக்கணக்கான இலக்கங்களில் கணக்குப் போடவேண்டும். அதற்கு 1991 முதல் கிடைக்கும் ஜிஎம்பி என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. ஆனால் 1920க்கு 1080 அளவுள்ள ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அப்படிப் போட்டால் விடிந்தாலும் முடியாது.

2013இல் கே.ஐ. மார்ட்டின் என்பவர் ‘சூப்பர்ஃப்ராக்டல்திங்’ என்ற மென்பொருளில் இதற்கு வழி காட்டினார். ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் முழுத் துல்லியத்தில் கணக்குப் போடு. மற்ற புள்ளிகள் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற சின்ன வித்தியாசத்தைச் சாதாரண எண்களில் கணக்கிடு. வானியலில் கோள்களின் பாதையைக் கணிக்கப் பல காலமாகப் பயன்பட்ட உத்தி இது. அதற்குமுன் வாரக்கணக்கில் இழுத்த படங்கள் மணிக்கணக்கில் முடிந்தன. இந்தத் துறையில் கடந்த 20 ஆண்டுகளில் நடந்த ஆகப் பெரிய பாய்ச்சல் இதுதான் என்பேன். நிரலையும் அவர் பூட்டி வைக்கவில்லை. காலெஸ் ஃப்ராக்டாலர் உட்படப் பின்னால் வந்த ஆழ்-பயண மென்பொருள்கள் அந்த உத்தியின்மேல்தான் நிற்கின்றன.

● கறுப்புப் புள்ளியும் வெள்ளைப் புள்ளியும் மாறி மாறி வரும் ஒரு படத்தைப் பாதியாகச் சுருக்கினால் என்ன சாம்பல் வரவேண்டும்? 0க்கும் 255க்கும் நடுவே 128 என்று தோன்றும். சரியான விடை 188. படக் கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவை நேராகக் குறிப்பதில்லை. கண்ணின் உணர்வுக்கேற்ப வளைத்து எழுதப்பட்டவை. வளைவை நிமிர்த்தி, சராசரி எடுத்து, மறுபடி வளைத்தால் 188 கிடைக்கும். ஃப்ராக்டலில் மயிரிழைகள் அதிகம் என்பதால் இந்த ஒரு படியை விட்டால் ஒளிரவேண்டிய இழையெல்லாம் மங்கிப்போகும். ‘இமேஜ்மேஜிக்’ என்ற கட்டற்ற படக் கருவியில் படத்தை முதலில் நேர்ஒளி எண்களுக்கு மாற்றிவிட்டுச் சுருக்கவேண்டும். ஓப்பன்இஎக்ஸ்ஆரில் வழக்கமாக எண்கள் நேர்ஒளியிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

● 10இன் 100ஆம் அடுக்கு வரை ஆழ்ந்து செல்லும் ஒரு காணொளி. வினாடிக்கு இரண்டு மடங்கு பெரிதாகிறது; வினாடிக்கு 30 சட்டகம். மொத்தம் ஏறக்குறைய 333 வினாடிகள், அதாவது 10,000 சட்டகங்கள். அத்தனையையும் வரையவேண்டுமா? வேண்டாம். இரண்டு மடங்குக்கு ஒன்று என்று 333 முக்கியப் படங்களை மட்டும் வரைந்தால் போதும். இடைப்பட்டவற்றை அவற்றையே பெரிதாக்கி ஒன்றில் ஒன்றைக் கலந்து எடுத்துவிடலாம். வேலை முப்பதில் ஒரு பங்கு ஆகிவிட்டது.

இதிலும் வீண் உண்டு: ஒவ்வொரு படத்தின் நடுக் கால் பகுதியும் அடுத்த படத்தில் மறுபடி வரையப்படுகிறது. அதையும் மிச்சம் பிடிக்க, மையத்தைச் சுற்றிய வளையத்தை வெட்டி நீள்சதுரப் பட்டையாக விரித்துவிடுகிறார்கள். ஒரு பட்டை முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கும். ‘ஜூமாசம்’ என்ற கட்டற்ற கருவி இந்தப் பட்டைகளை ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்புகளாக வாங்கிக்கொண்டு, சுருட்டி, வண்ணம் தீட்டி, சட்டகம் சட்டகமாக ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற கட்டற்ற காணொளிக் கருவியிடம் தள்ளுகிறது. வண்ணம் தீட்டும் விதியை நாமே சிறு நிரலாக எழுதிக் கொடுக்கலாம். வரைபடச் சில்லு அதை உடனுக்குடன் ஓட்டிக் காட்டும். பாட்டு ஒன்றைச் சேர்த்து, எந்த நொடியில் எந்த ஆழம் என்று காலக்கோட்டில் குறித்து வைக்கவும் முடியும். தாளம் ஏறும் இடத்தில் பயணமும் வேகமெடுக்கிற காணொளிகள் இப்படித்தான் பிறக்கின்றன.

● இணையத்தில் ஃப்ராக்டல் காணொளிகள் சில நேரம் சாயம்போனது மாதிரித் தெரிவதற்குக் காரணம் உண்டு. வழக்கமான காணொளி முறையில் நான்கு புள்ளிகள் கொண்ட சதுரத்துக்கு ஒளி நான்கு, நிறம் ஒன்று. முகங்களுக்கும் வயல்களுக்கும் அது போதும். புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறும் ஃப்ராக்டலுக்குப் போதாது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் வைக்கும் முறை எஃப்எஃப்எம்பெக்கில் இருக்கிறது, ஆனால் பல கைபேசிகளும் தொலைக்காட்சிகளும் அதை ஓட்டுவதில்லை. நடைமுறைத் தீர்வு: 4கே அளவில் வெளியிடுங்கள். அப்போது நிறம் மட்டும் முழு எச்டி அளவுக்கு வந்துவிடும்.

● 2000ஆம் ஆண்டு ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிவைத்த அதே எஃப்எஃப்எம்பெக்கின் உள்ளேயே ஒரு மாண்டல்பிராட் கணம் ஒளிந்திருக்கிறது! காணொளிக் கோப்பு எதுவும் கொடுக்காமல், மூலம் ‘மாண்டல்பிராட்’ என்று சொன்னால் அதுவே வரைந்து பெரிதாக்கிக்கொண்டே போகும். சொல்லாமல் விட்டால் 640க்கு 480 அளவு, அதிகபட்சம் 7,189 சுற்று.

● ஒலிக்கு வருவோம். பெருக்கிக் கூட்டிக்கொண்டே போகும்போது கிடைக்கும் விடைகளின் வரிசையை அப்படியே ஒலிபெருக்கிக்கு அனுப்பலாம்: கிடைமட்டப் பகுதியை இடச் செவிக்கு, செங்குத்துப் பகுதியை வலச் செவிக்கு. கணத்துக்கு வெளியே உள்ள புள்ளி என்றால் ஒரு வெடிப்பு, முடிந்தது. நடுவிலுள்ள பெரிய இதய வடிவத்துக்குள் என்றால் விடைகள் ஒரே எண்ணில் போய் நின்றுவிடும். ஒலி அதிர்ந்து அடங்கும். எல்லையை நெருங்க நெருங்க அடங்கும் நேரம் நீளும்.

சுற்றியுள்ள குமிழ்களில்தான் இசை இருக்கிறது. மேலும் கீழும் ஒட்டியிருக்கும் இரண்டு பெரிய குமிழ்களில் விடைகள் மூன்று எண்களுக்குள் மாறி மாறிச் சுழலும். வினாடிக்கு 1,320 புள்ளி என்ற வேகத்தில் ஓட்டினால் சுழற்சி வினாடிக்கு 440 முறை. இடப்புற வட்டத்தில் சுழற்சி இரண்டு எண். அதே வேகத்தில் 660 முறை. 440ஐ ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் 660 சரியாகப் பஞ்சமம். ஆறு எண் சுழலும் குமிழைத் தேடிப் போனால் 220, மந்தர ஸட்ஜம். நான்கு எண் குமிழில் 330, மந்தர பஞ்சமம். யாரும் சுருதி சேர்த்து வைக்கவில்லை. ‘ஃப்ராக்டல் சவுண்ட் எக்ஸ்புளோரர்’ என்ற திறந்த மூலக் கருவியில் படத்தைச் சொடுக்கியதும் அந்தப் புள்ளியின் ஒலி கேட்கும். சொந்தமாகச் செய்ய விரும்பினால் பைதானில் எண்களைக் கோப்பாக எழுதி, ‘சாக்ஸ்’ கருவியிடம் கொடுத்தால் வேவ் ஒலிக்கோப்பாக மாற்றித் தரும்.

● படக் கோப்பையே ஒலியாகத் திறக்கவும் முடியும். ‘ஆடாசிட்டி’ என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வடிவமில்லாத தரவை உள்ளே கொண்டுவரும் வசதி இருக்கிறது. 441 புள்ளி அகலமுள்ள, சுருக்கப்படாத 8 பிட் சாம்பல் படத்தை 44,100 வேகத்தில் திறந்தால் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். அடுத்தடுத்த வரிசைகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால், ஒரு வரிசை ஓர் அதிர்வாகிவிடுகிறது. அதில் எதிரொலியைச் சேர்த்து மறுபடி படமாகச் சேமித்தால் உருவங்களுக்கு நிழல் விழுந்திருக்கும்.

● 1996இல் வந்த குனு ‘கேயாஸ்’ மென்பொருளில் சுட்டியை அழுத்தியவுடன் படம் தடையில்லாமல் உள்ளே பாயும். முந்தைய சட்டகத்தில் கணக்கிட்ட புள்ளிகளில் முடிந்த மட்டும் எடுத்து மறுபடி பயன்படுத்துவதுதான் உத்தி. வரைபடத் திரையே இல்லாத கணினியில் வெறும் எழுத்துகளாலும் அதன் பழைய பதிப்புகள் வரைந்து காட்டின.

● தீச்சுடர் போல் சுருளும் ‘ஃப்ராக்டல் ஃபிளேம்’ வகையை 1992இல் உருவாக்கியவர் ஸ்காட் டிரேவ்ஸ். கணக்கின் விடை ஒரு புள்ளியில் எத்தனை முறை விழுந்தது என்பதை அப்படியே பிரகாசமாக்காமல், மடக்கை எடுத்துப் பிரகாசமாக்கினார். அதனால்தான் மெல்லிய படலங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. 1999இல் அவர் தொடங்கிய ‘எலெக்ட்ரிக் ஷீப்’ திரைக்காப்பில் பல்லாயிரம் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தில் சேர்ந்து படமோட்டம் வரைகின்றன. பார்ப்பவர்களின் வாக்கு அதிகம் பெற்றவை அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர் ஆகின்றன. இந்த வகையை வீட்டில் முயன்று பார்க்க ‘ஜிம்ப்’ மென்பொருளின் வடிப்பான் பட்டியலைத் திறந்தால் போதும்.

● கோலத்துக்கும் ஃப்ராக்டலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னர் புருசின்கீவிச் போன்ற கணினி வரைகலை ஆய்வாளர்கள், செடிகளின் வளர்ச்சியை விவரிக்க லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதி முறையில் கோலத்தையும் வரைந்தார்கள். கண்ணனின் கொலுசு என்று அவர்கள் குறிப்பிடும் கோலத்துக்கு ஒரு தொடக்க வரி, ஒரே ஒரு மாற்று விதி, 45 பாகைத் திருப்பம் போதும். ‘இங்க்ஸ்கேப்’ கட்டற்ற மென்பொருளில் அந்த விதி முறைக்கென்றே ஒரு சாளரம் உண்டு. படிநிலையை ஒன்று கூட்டினால் கோலம் பெருகும். கோடுகளாகவே கிடைப்பதால் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினாலும் பிசிறு தட்டாது.

● ஓர் ஆழ்ந்த ஃப்ராக்டலின் முகவரி, ஒரு சிறு உரைக்கோப்பில் அடங்கிவிடும்: இடம், பெரிதாக்கம், சுற்று வரம்பு, நிற விதி. காலெஸ் ஃப்ராக்டாலர் 2+ அதைப் படக் கோப்புக்குள்ளேயும் குறிப்பாக எழுதி வைக்கிறது. அந்தப் படத்தை மென்பொருளில் திறந்தால் அதே இடத்துக்குப் போய்விடலாம். ஆனால் அரட்டைச் செயலியில் ‘படம்’ என்று அனுப்பினால் சுருக்கும்போது குறிப்பு அழிந்துவிடும். ‘ஆவணம்’ என்று அனுப்புங்கள்.