முளைப்பயறும் முற்றத்துக் கொடியும்

ஆனி, ஆடியில் எங்கள் கடியப்பட்டணத்தில் கடல் சீறும். மீன் விலையும் ஏறும். அப்போது வீட்டில் கைகொடுப்பது சிறுபயறுதான்.

ஒரு கைப்பிடி பயறை 8 மணி நேரம் ஊறப்போடுங்கள். மிதக்கிற பொக்கை நீக்கி, வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் முடிந்து வையுங்கள். காலை, மாலை நல்ல தண்ணீரில் அலசணும். மறுநாளே முளை எட்டிப் பார்க்கும். காய்ந்த பயறில் அநேகமாக இல்லாத வைட்டமின் 'சி' முளைக்கும்போது உண்டாகிறது.

ஆனால் ஒன்று, சகோதரிகளே! அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய நோயில் 50 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆகவே கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் பச்சையாகக் கொடுக்காதீங்க. நன்றாக வேகவைத்து, தேங்காய்த் துருவல் சேர்த்துக் கொடுங்கள். வைட்டமின் கொஞ்சம் குறையும், போகட்டும்.

முற்றத்தில் பயத்தங்காய் போடலாமே! மணலோடு மக்கிய சாணம் கலந்து, ஒரு அங்குல ஆழத்தில் விதையை ஊன்றுங்கள். கொடி படர, கிழிந்த மீன்வலைத் துண்டு போதும். வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்களே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும், யூரியா வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் காய் பறிக்கலாம். நாலைந்து காயைக் கொடியிலேயே காயவிட்டு, அடுத்த விதைப்புக்கு எடுத்து வையுங்கள்.