ஏரின்னு பேரு... ஆனா ஏரி இல்லை!

குட்டீஸ், பூக்கடைக்குப் போய் “பூ கொடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். “மல்லியா, சாமந்தியா, கனகாம்பரமா?” என்று கடைக்கார அம்மா திருப்பிக் கேட்பார். பூ என்பது பொதுப்பெயர். மல்லி, சாமந்தி எல்லாம் சிறப்புப்பெயர்கள்.

தண்ணீருக்கும் அப்படித்தான். ‘நீர்நிலை’ என்பது பொதுப்பெயர். அதற்குள் எத்தனை சிறப்புப்பெயர்கள் பாருங்கள்!

ஏரி: கரை கட்டி மழைநீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடுவது. மிஞ்சும் நீர் கலங்கல் வழியாக வெளியேறும். மதுரை, சிவகங்கைப் பக்கம் இதையே ‘கண்மாய்’ என்பார்கள்.

தாங்கல்: சிறிய ஏரி. பறவைகள் வரும் வேடந்தாங்கல் ஞாபகம் வருகிறதா?

ஊருணி: ஊரார் குடிப்பதற்கான நீர்.

குட்டை: குளத்தைவிடச் சிறியது. ஆடு மாடுகள் தண்ணீர் குடிக்க உதவும்.

சுனை: மலைப்பாறை இடுக்கில் தானாக ஊறும் நீர்.

அகழி: கோட்டையைச் சுற்றி, எதிரிகள் நுழையாமல் இருக்கத் தோண்டியது.

பெயரைச் சொன்னாலே அந்தத் தண்ணீரின் வேலை என்ன என்று தெரிந்துவிடுகிறது, இல்லையா?

இப்போது திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரிக்கு வாருங்கள். ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது! இந்த ஊர் வழியே ஓடும் ஆரணி ஆறு, பழவேற்காடு ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்த ஏரித் தண்ணீரை ஒரு வாய் குடித்தால்... உவ்வே, உப்பு! அதை வயலுக்கும் பாய்ச்ச முடியாது. அப்படியென்றால் அது எப்படி ஏரி?

அதன் சரியான சிறப்புப்பெயர் ‘காயல்’. அதாவது, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நிற்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் இதுதான்.

‘பெயரில் என்ன இருக்கிறது?’ என்கிறீர்களா? ஏரி என்றால் மழை பெய்தால் போதும், நிரம்பிவிடும். காயலுக்குக் கடல் நீரும் வந்து போகவேண்டும். அது வந்து போகும் வாசல்தான் முகத்துவாரம். அதை மணல் மூடிவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வரமுடியாது. கோடையில் தண்ணீர் வற்றி, உப்பு கூடிவிடும். மீனவர் வலையில் மீன் குறையும். அங்கே இரை தேடி வரும் பூநாரைகளும் தவிக்கும்.

காயல் என்று தெரிந்தவர்தான், ‘முகத்துவாரம் திறந்திருக்கிறதா?’ என்று கேட்பார்!

சரி, உங்கள் ஊரில் இருப்பது ஏரியா, குளமா, தாங்கலா, ஊருணியா? இன்றைக்கே தாத்தா பாட்டியிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். அந்தத் தண்ணீர் என்ன வேலை செய்தது என்றும் மறக்காமல் கேளுங்கள்!