சைக்கிளைப் பூட்டுவது எப்படி?
வன்னிக்கும் டவுனுக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காக

மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு சைக்கிள் அவ்வளவு பழக்கப்பட்ட வாகனம் இல்லை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோருக்கும் ஏற்றமும் இறக்கமுமான பாதை. நடைதான் நமக்கு வாகனம். ஆனால் சமவெளிக்கு இறங்கிவிட்டால் கதை வேறு. வன்னியில் சைக்கிள் இல்லாவிட்டால் ஒரு காரியமும் நடக்காது.

வன்னியில் நம் சொந்தக்காரர் இருப்பது புதிய விஷயமும் அல்ல. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டங்களை விட்டு ஓடிய பல குடும்பங்கள் வவுனியா மாவட்டத்தில் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. நெடுங்கேணிக்கு அருகே டொலர் பாம், கென்ற் பாம் என்ற பண்ணைகளிலும் நம்மவர்கள் இருந்தார்கள். 1984இல் அங்கிருந்தும் துரத்தப்பட்டார்கள். அதற்குப் பிறகு போர், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம் என்று எத்தனையோ நடந்தும் உறவு அறுந்துவிடவில்லை. இன்றும் நம் பிள்ளைகள் பெரியம்மா வீடு, மாமா வீடு என்று போய் நிற்கிறார்கள். அங்கிருந்தே வவுனியா டவுனில் கடை வேலை, மேசன் வேலை என்று தேடிக்கொள்கிறார்கள். முதல் சம்பளத்தில் அவர்கள் வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு சைக்கிள்தான்.

அந்தச் சைக்கிளை எப்படிக் காப்பாற்றுவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சைக்கிள் போனால் என்ன போகும்?

"பழைய சைக்கிள்தானே, போனால் போகுது" என்று சொல்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. நாற்பதாயிரம் ரூபாவுக்கு ஒரு சைக்கிள் வாங்கினால் அது கிட்டத்தட்ட 30 நாள் பேர். ஒரு மாதம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த கொழுந்து அது.

அதோடு முடிவதில்லை. சைக்கிள் போனால் வேலைக்குப் போகும் வழியும் போய்விடும். காலையில் நேரத்துக்குப் போய்ச் சேராதவனை எந்த முதலாளி வைத்திருப்பார்?

2022இல் நாட்டில் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் சைக்கிள் தேடினார்கள். விலை ஏறியது. சைக்கிள் களவு பற்றிய செய்திகளும் பத்திரிகைகளில் வந்தன. எந்தப் பொருளுக்குத் தேவை கூடுகிறதோ, அந்தப் பொருளைத் தேடிக் கள்ளனும் வருவான்.

கிராமத்துப் பழக்கம் டவுனுக்கு ஆகாது

நெடுங்கேணி போன்ற ஊரில் ஒருவர் சைக்கிளை மற்றவருக்குத் தெரியும். கடை வாசலில் சாத்திவிட்டுப் போனால், "இது இன்னாருடைய சைக்கிள்" என்று நாலு பேர் சொல்வார்கள். ஊரார் கண்தான் அங்கே பூட்டு. வவுனியா பஸ் நிலையத்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ அந்தக் கண் கிடையாது. ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் சொந்தக்காரன் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

இன்னொரு ஆபத்தான இடம் சந்தி. வீட்டிலிருந்து சந்தி வரை சைக்கிளில் வந்து, அங்கே நிறுத்திவிட்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போகிறோம். காலை 6 மணிக்கு விட்ட சைக்கிள் மாலை 6 மணி வரை ஒரே இடத்தில் நிற்கிறது. பஸ் ஏறியவன் சாயந்தரம்தான் திரும்புவான் என்பது கள்ளனுக்குத் தெரியும். அவசரப்படாமல் வேலை பார்க்க அவனுக்கு ஒரு முழுநாள் கிடைக்கிறது.

நம்மிடம் உள்ள பூட்டுக்கள்

1. பின் சில்லில் பொருத்திய வளையப் பூட்டு. நம் நாட்டுச் சைக்கிள்களில் அதிகம் உள்ளது இதுதான். சில்லு சுற்றாமல் தடுக்கும். ஆனால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போவதைத் தடுக்காது. இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு லொறியில் ஏற்றிவிடலாம். கண்ணெதிரே நிற்கும்போது மட்டும் இதை நம்பலாம்.

2. மெல்லிய வயர் பூட்டு. பிளாஸ்டிக் உறைக்குள் கம்பி முறுக்கி இருக்கும். பார்வைக்குத் தடிப்பு, உள்ளே மெல்லிசு. கம்பி வெட்டும் குறடு இருந்தால் சில வினாடி வேலை.

3. சங்கிலியும் ஆமைப்பூட்டும். ஹாட்வெயார் கடையில் தடித்த சங்கிலியாகப் பார்த்து வாங்குங்கள். சங்கிலி தடிப்பாக இருந்து பூட்டு சிறிதாக இருந்தாலும் பயனில்லை. கள்ளன் எப்போதும் பலவீனமான இடத்தைத்தான் உடைப்பான்.

4. யு வடிவ இரும்புப் பூட்டு. வெட்டுவது கடினம். விலை கூட. டவுனில் தினமும் சைக்கிள் விடுகிறவர்களுக்கு ஏற்றது.

விலை கூடிய பூட்டு என்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2004இல் அமெரிக்காவில் பேர்போன ஒரு யு பூட்டை, சாதாரண பேனாவின் பிளாஸ்டிக் குழாயைச் சொருகித் திருப்பியே திறக்கலாம் என்று தெரிய வந்தது. வட்டமான குழாய் போன்ற சாவி போடும் பூட்டு அது. கம்பெனி பழைய பூட்டுக்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தட்டைச் சாவி உள்ள பூட்டையே கேட்டு வாங்குங்கள். மூன்று இலக்கம் சுழற்றும் நம்பர் பூட்டில் மொத்தம் 1,000 எண்கள்தான். பொறுமையுள்ளவன் ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தே திறந்துவிடுவான்.

எங்கே, எப்படிப் பூட்டுவது?

முக்கியமான விதி ஒன்றுதான்: சைக்கிளை அசையாத ஒரு பொருளோடு சேர்த்துப் பூட்ட வேண்டும்.

முதலில் அந்தப் பொருளைப் பாருங்கள். நிலத்தில் சீமெந்து போட்டு நட்ட இரும்புத் தூண், கட்டடத்தின் இரும்புக் கிராதி ஆகியவை நல்லவை. கையால் ஒருதரம் ஆட்டிப் பாருங்கள். கட்டைத் தூணாக இருந்தால் சைக்கிளைப் பூட்டோடு மேலே தூக்கி எடுத்துவிடலாம். வேலித் தடி, கிளுவை மரம், சிறு மரக்கன்று எதுவும் ஆகாது. சைக்கிளை வெட்டத் தேவையில்லை, தடியை வெட்டினால் போதும்.

பிறகு, எதைப் பூட்டுகிறோம் என்று பாருங்கள். முன் சில்லை மட்டும் தூணோடு பூட்டுவது பெரும் பிழை. முன் சில்லின் நட்டு இரண்டையும் கழற்றினால், சில்லு மட்டும் தூணில் இருக்கும், சைக்கிள் போய்விடும். சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாய், பின் சில்லு, தூண் ஆகிய மூன்றையும் ஒரே சங்கிலி சுற்றி வர வேண்டும். பின் சில்லைச் சேர்ப்பது ஏனென்றால், செயின், பல்லுச் சக்கரம் எல்லாம் அதோடுதான் இருக்கின்றன. முன் சில்லைவிட அதற்கு விலையும் கூட.

யு பூட்டு சிறியதாக இருந்து மூன்றையும் சுற்ற எட்டவில்லையா? அதற்கும் வழி இருக்கிறது. 2008இல் காலமான ஷெல்டன் பிரவுன் என்ற அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் இதைச் சொல்லிக் கொடுத்தார். பின் பக்கத்தில் குழாய்கள் முக்கோணமாகச் சேர்கின்றன அல்லவா? அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் றிம்மையும் டயரையும் தூணோடு பூட்டினால் போதும். சில்லு முக்கோணத்தைத் தாண்டி வெளியே வராது, அதனால் சைக்கிளையும் எடுக்க முடியாது. மட்காட், செயின் கவர் இடைஞ்சல் தராத சைக்கிளுக்கு இது பொருந்தும்.

சங்கிலி தரையில் கிடக்க விடாதீர்கள். தரையில் கிடந்தால், கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் அடிக்கவும், குறட்டை ஊன்றி வெட்டவும் வசதி. உயரத்தில், இறுக்கமாகச் சுற்றுங்கள். சாவித்துவாரம் கீழே பார்க்கட்டும், மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகாது. மாதம் ஒருமுறை தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள்.

தூண் எதுவும் கிடைக்காவிட்டால்? கூட்டாளியின் சைக்கிளையும் உங்கள் சைக்கிளையும் தலைமாறி நிறுத்திச் சேர்த்துப் பூட்டுங்கள். ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு சைக்கிளை ஓட்டவும் முடியாது, தள்ளவும் முடியாது.

காசு வாங்கிக்கொண்டு டோக்கன் தரும் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் இருந்தால் அங்கேயே விடுங்கள். அந்தச் சில்லறைக் காசு வீண் செலவு அல்ல. டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். டோக்கன் கையில் உள்ளவரைத்தான் சொந்தக்காரர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

களவு போவதற்கு முன்பே செய்ய வேண்டியது

போருக்குப் பிறகு இந்திய அரசு வட மாகாணத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு சுமார் 10,000 சைக்கிள்கள் கொடுத்தது. ஒரே மாதிரிச் சைக்கிள்கள் ஊரெல்லாம் நிற்கும்போது "இது என்னுடையது" என்று எப்படிச் சொல்வது? அதற்குத்தான் பிரேம் நம்பர். பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழுள்ள குழாயிலோ பொறித்திருக்கும். கொப்பியில் எழுதி வையுங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள். கடை பில்லை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். பெயரும் அடையாள அட்டை நம்பரும் எழுதிய ஒரு துண்டைப் பொலித்தீனில் சுற்றி ஹாண்டில் குழாய்க்குள் போட்டுவிட்டால் அது ஒரு மறைவான சாட்சி.

போய்விட்டால், அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டுக்குக் காசு இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரேம் நம்பர் இல்லாமல் போனால், மீட்ட சைக்கிள்கள் பொலிஸில் நின்றாலும் நம்முடையதை நிரூபிப்பது கஷ்டம்.

பழைய சைக்கிள் வாங்குகிறவர்களும் கவனம். பில் கேளுங்கள், பிரேம் நம்பர் சுரண்டியிருக்கிறதா பாருங்கள். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் குற்றம். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் சைக்கிள் இன்னொரு கூலிக்காரனுடையதாக இருக்கலாம்.

ஞாபகத்தில் வைக்க:

• ஐந்து நிமிஷம் என்றாலும் பூட்டுங்கள்.
• பிரேம், பின் சில்லு, தூண் மூன்றும் ஒன்றாக.
• சங்கிலி உயரத்தில், இறுக்கமாக.
• ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடம்.
• பிரேம் நம்பர் கொப்பியில், மாற்றுச் சாவி வீட்டில்.

உலகத்தில் உடைக்க முடியாத பூட்டு எதுவும் இல்லை. ஆனால் கள்ளனுக்கும் நேரம் முக்கியம். பத்து வினாடியில் முடியும் வேலையைப் பத்து நிமிஷமாக்கி விட்டால் பெரும்பாலும் அவன் விட்டுவிட்டுப் போவான். வன்னிக்கோ டவுனுக்கோ வேலைக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். புதுச் சைக்கிளுக்கு மணியும் லைட்டும் வாங்குகிற அன்றே நல்ல ஒரு பூட்டும் வாங்கச் சொல்லுங்கள்.